குழியின் நடுவே விட்ட மண்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஆட்களைத் தனித்தனியாக எண்ணுவதில்லை, ஜோடி ஜோடியாக எண்ணுவார்கள் என்பது பம்பாயின் செம்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஜோடி என்றால் ஓர் ஆண், ஒரு பெண். பெரும்பாலும் கணவனும் மனைவியும். அவன் பிக்காசால் மண்ணை வெட்டி இரும்புச் சட்டியில் வாரிப் போடுவான். அவள் அதைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, வெறும் சட்டியுடன் திரும்புவாள். வெட்டுகிறவன் பெரியாள், சுமக்கிறவள் சித்தாள். பெரியாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு அதைவிடக் குறைந்த கூலி. சனிக்கிழமை மாலையில் இரண்டையும் சேர்த்துப் பெரியாளின் கையில் கொடுப்பார்கள். "இன்னைக்கு எத்தனை ஜோடி?" என்றுதான் காலையில் மேஸ்திரி கேட்பார். எத்தனை பேர் என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. ரயில் நிலையத்துக்கு அப்பால், ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் சேற்றுப் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தில், அரசாங்கம் தன் சிப்பந்திகளுக்குக் குடியிருப்பு கட்டத் தொடங்கியிருந்தது. கட்டுகிறவர் தனியார் கான்ட்ராக்டர், பணம் அரசாங்கத்தினுடையது. அதனால் ஒப்பந்தத்தோடு சில நிபந்தனைகளும் சேர்ந்து வந்தன. சாதி, மதம், ஆண், பெண் என்று பார்த்து எவருக்கும் வேலை மறுக்கக் கூடாது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தர வேண்டும். கூலியை உழைத்தவரின் கையிலேயே கொடுக்க வேண்டும். குடிநீரும், பெண்களுக்குத் தனியாக ஒரு மறைவிடமும் வேலையிடத்தில் இருக்க வேண்டும். இவையெல்லாம் நடக்கின்றனவா என்று பார்க்க எங்கள் இலாகா அங்கே ஒரு நல அதிகாரியை அமர்த்தியிருந்தது. தொழிலாளர்களில் பாதிக்கு மேல் தாராவித் தமிழர்கள்; அதிகாரியோ மராத்திக்காரர். அவருக்குத் தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவர் வேண்டியிருந்தது. பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்த எனக்கு அந்த வேலை அப்படித்தான் வந்தது.

தகரக் கூரை போட்ட அந்த அலுவலகத்தில் பெண் என்று நான் ஒருத்திதான். என்னை எங்கே உட்கார வைப்பது என்று முதல் நாள் எல்லோருமாக யோசித்து, பெரிய மர அலமாரியைக் குறுக்கே நகர்த்தி, அதன் பின்னால் என் மேஜையைப் போட்டார்கள். மரியாதையாகத்தான் செய்தார்கள். ஆனால் அலமாரிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பேசுவதும் சிரிப்பதும் தேநீர் வருவதும் குரல்களாக மட்டுமே என்னை வந்து சேர்ந்தன. நான் எழுந்து வந்தால் பேச்சு நின்றுவிடும். அலுவலகத்தில் பெண்ணுக்கென்று கழிப்பிடமும் கிடையாது. கூலிப் பெண்களுக்கு மறைவிடம் வேண்டும் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் தாளைத் தட்டச்சு செய்கிறவளுக்கும் அது வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை. கான்ட்ராக்டரின் ஆட்கள் பாய்த்தட்டி கட்டி ஓர் ஓரத்தில் அமைத்த மறைப்புக்குத்தான் நானும் போய்வந்தேன். அந்த நிபந்தனைகளால் முதலில் பயன் பெற்றவர்களில் நானும் ஒருத்தி என்று சொல்ல வேண்டும்.

மாட்டுங்காவில் ஒரு குடும்பத்தின் பின்கட்டு அறையில் குடியிருந்தேன். அம்மா காலமாகி, அண்ணா கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போனபின், ரேஷன் கார்டில் என் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. வீட்டுக்கார மாமி நல்லவள். "ஒருத்திக்கு எதுக்குடி தனி அடுப்பு? ஆழாக்கு அரிசி கூடப் போட்டா ஆச்சு" என்று என் சாப்பாட்டையும் சேர்த்தே சமைத்துவிடுவாள். தட்டில் போட்டு மூடி வைத்திருப்பாள். நான் குர்லாவில் வண்டி மாறி வந்து சேர்வதற்குள் அவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய் இரண்டு புத்தகம் எடுத்து வருவேன். அடுத்த ஞாயிறு வரை நான் தமிழில் நீளமாகப் பேசுவது அந்தப் புத்தகங்களோடுதான்.

நிபந்தனைகளைத் தொழிலாளர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அதிகாரி சொன்னபோது, அதனால்தானோ என்னவோ, எனக்கு மிகுந்த உற்சாகம் உண்டாயிற்று. இரண்டு மாலைகள் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். மதியச் சாப்பாட்டு வேளையில், மேட்டின் அடிவாரத்தில் இருந்த வாகை மரத்தடியில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். "பாகுபாடின்றி", "சம ஊதியம்" என்றெல்லாம் நான் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக்கொண்டே, "நல்லா இருந்துச்சும்மா. பிரசங்கம் கேட்டாப்ல இருந்துச்சு" என்றார். எல்லோரும் எழுந்து சட்டிகளைத் தேடப் போனார்கள்.

அப்போதுதான் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எம்மா, நீங்க வாசிச்சதுல ஜோடின்னு எங்கயும் வரலியே. வருதா?"

கேட்டவள் அங்கே வேலை செய்கிறவள் அல்ல. வேலை கேட்டு வந்து நின்றவள். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், அகன்ற தோள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவை. தோளில் பிக்காசைச் சாய்த்திருந்தாள். அவளை ஒட்டி, இடுப்பில் சட்டியுடன் மெலிந்த ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். இருவரும் தாராவியில் அடுத்தடுத்த குடிசைக்காரர்கள், தெற்கே திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். மூத்தவளின் கணவன் பல வருஷங்களுக்கு முன்னால் கல்யாணுக்கு வேலை தேடிப் போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டுவிட்டான். இளையவளின் கணவன் சயரோகம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தான்.

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஜோடி என்ற சொல் அதில் இல்லை. இல்லை என்றேன்.

மேஸ்திரியும் அவர்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்தான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "வராது. அதெல்லாம் எழுதித்தான் தெரியணுமா? சூரியன் கெழக்க உதிக்கும்னு சர்க்காரு எழுதியா வச்சிருக்கு?"

"எழுதாததை நீரு எதுக்கு அண்ணாச்சி கேக்கீரு?"

"நீயும் பொம்பளை, இவளும் பொம்பளை. இதுல பெரியாளு யாரு?"

"நாந்தான். பாத்தாலே தெரியலியா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். இளையவளும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சும்மா காலி பீலி என் வாயைக் கிண்டாத தாயி. ரெண்டு பேரும் சித்தாளுன்னா வாங்க, வேற ஜோடிக்குக் கூட வச்சு விடுதேன்."

"சித்தாளு பகார்ல, அந்தக் கொறஞ்ச கூலில, ரெண்டு வீடு ஓடாது அண்ணாச்சி. இவ ஆஸ்பத்திரிக்குப் போய்வரணும். எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ள. நான் வெட்டுதேன், இவ சொமக்கட்டும். ஒரு பெரியாளு, ஒரு சித்தாளு. எங்க ரெண்டு பேருக்கும் நீரு கல்யாணம் பண்ணி வைக்க வேண்டாம். வேலை குடும், போதும்."

அவர் கொடுக்கவில்லை. நான் விஷயத்தை அதிகாரியிடம் சொன்னேன். அவர் கான்ட்ராக்டரின் மானேஜரை வரவழைத்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து அவர்களுடைய பேச்சைக் கேட்டேன். மானேஜர் பணிவாகத்தான் பேசினார். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதை நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை, ஐயா. மண் வெட்டுகிற பெண் எங்களிடம் எவளும் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியே இங்கே எழவில்லை. இதுதான் அவர் வாதம். அந்த நிபந்தனையை எத்தனை சுலபமாக, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் காப்பாற்றிவிடலாம் என்று நான் வியந்துகொண்டிருந்தேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு இந்தியில் சொன்னார்: "வெட்டட்டும். வெட்டின பிறகு கேள்வி எழும் இல்லையா?"

ஒரு நாள் வெட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு ஜோடி ஒரு நாளில் வெட்ட வேண்டிய குழியை மேட்டின் மேல் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறித்துக் கொடுப்பார்கள். அதை அவர்கள் இருவரும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டால், ஒருத்தி பெரியாள், ஒருத்தி சித்தாள். அவரவர் கூலி அவரவர் கையில். முடிக்காவிட்டால் பேச்சு இல்லை.

மண் வேலையில் ஒரு முறை உண்டு. மேடு சமமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் உயரம், ஓரிடத்தில் தாழ்வு. வெட்டி முடித்தபின் எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று சொல்ல முடியாமல் போகும். அதனால் குழியின் நடுவே ஒரு தூண் அளவு மண்ணை வெட்டாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். அதன் தலையில் பழைய புல்கூட இருக்கும். மாலையில் ஓவர்சியர் வந்து, அந்தத் திட்டின் உயரத்தை அளந்துதான் வேலையைக் கணக்கிடுவார். அளந்து முடிந்ததும் அதையும் வெட்டித் தள்ளிவிட வேண்டும். அந்தக் கடைசி வேலை மட்டும் சித்தாளுடையது. பெரியாள் பீடி பற்ற வைத்துக்கொண்டு கரையேறிவிடுவான். அவள்தான் திட்டைக் கொத்திச் சரித்து, வாரி, குழியைச் சுத்தமாக்கிவிட்டு வருவாள்.

அன்று முழுவதும் மேட்டின் ஓரத்தில் ஒரு முக்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். மேலே லேசான மண். அதற்குக் கீழே முரம் என்று அவர்கள் சொல்லும் கெட்டிச் செம்மண். பிக்காசு அதில் விழும் ஓசையே வேறு. மூத்தவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் பிக்காசைத் தலைக்கு மேல் கொண்டுபோய், ஒரு கணம் அங்கே நிறுத்தி, பிறகு அதன் கனத்துக்கே அதை விட்டுவிடுவாள். இளையவள் ஓட்டமும் நடையுமாகப் பள்ளத்துக்குப் போய்வந்தாள். மற்றக் குழிகளில் இருந்தவர்கள் முதலில் கேலி பேசினார்கள். மதியத்துக்குப் பிறகு பேசவில்லை. வெயில் இறங்கியபோது குழி முடிந்திருந்தது. மூத்தவள் பிக்காசை ஊன்றிக்கொண்டு ஏறி வந்து, பானையில் தண்ணீர் மொண்டு குடித்து, முகத்திலும் விட்டுக்கொண்டாள். நான் ஓவர்சியரைக் கூப்பிட அலுவலகத்துக்குப் போனேன்.

நானும் அவரும் திரும்பி வந்தபோது குழியின் நடுவே ஒன்றும் இல்லை. தரை பெருக்கியதுபோல் இருந்தது. இளையவள் கடைசிச் சட்டியைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, கைகளைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

மூத்தவள் குழியைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். "ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட?"

இளையவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "பெரியாளு கரையேறியாச்சுன்னா" என்று ஆரம்பித்தாள். "கையி தானா போயிருச்சு, மயினி."

எத்தனையோ வருஷங்களாகப் பெரியாள் கரையேறியதும் செய்து பழகியதைச் செய்துவிட்டாள். அதில் தவறு சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஓவர்சியர் அளவுநாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மேஸ்திரிக்குக்கூடச் சங்கடமாகத்தான் இருந்தது. "திட்டு நின்னுச்சின்னா நானே முன்னால நின்னு சொல்லியிருப்பேன். இப்ப எதை வச்சு அளக்க? ஒம் மூஞ்சியை வச்சா?" என்றார்.

நான் பார்த்தேன் என்று சொன்னேன். காலையிலிருந்து இங்கேயே இருந்தேன் என்றும் சொன்னேன். ஓவர்சியர் என்னை மரியாதையோடு பார்த்து, ஆங்கிலத்தில், பார்த்தது அளவு ஆகாது மேடம் என்றார். அது சரிதான். அன்று ரயிலில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. வெளியே எதையும் பார்த்ததாக நினைவில்லை. "காலெல்லாம் செம்மண்ணா இருக்கே, எங்கேடி போயிட்டு வரே?" என்றாள் மாமி. ஆபீஸுக்குத்தான் என்றேன். சொல்லத் தொடங்கினால் ஜோடியிலிருந்து தொடங்க வேண்டும். அவர்கள் வீட்டில் படுக்கை விரித்தாகிவிட்டது.

மறுநாள் காலை நான் போய்ச் சேருவதற்கு முன்பே இருவரும் வந்து நின்றார்கள். அதிகாரி மேட்டுக்கே வந்து, இன்னொரு குழி குறித்துக் கொடுங்கள் என்றார்.

"அப்ப நேத்து வெட்டினதுக்கு?" என்று மேஸ்திரிதான் கேட்டார்.

"அது மண்ணோட போச்சு அண்ணாச்சி. கோட்டைப் போடும்" என்றாள் மூத்தவள்.

இந்தத் தடவை திட்டுத் தனியாக நிற்கத் தொடங்கியதுமே, இரண்டு சுள்ளிகளை ஒடித்துக் குறுக்காகக் கட்டி அதன் தலையில் நட்டுவிட்டாள். இளையவள் மறந்தும் கை வைக்காமல் இருப்பதற்காக. மேஸ்திரி எட்டிப் பார்த்து, "என்ன, கல்லறை கட்டிட்டியா?" என்றார்.

"ஆமா. உம்ம வாயைத்தான் உள்ள வச்சிருக்கேன்."

மாலையில் ஓவர்சியர் சுள்ளிச் சிலுவையை மெதுவாக எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு அளந்தார். மற்ற ஜோடிகளுக்குக் குறையவில்லை. அந்தச் சனிக்கிழமை பெரியாளின் கூலி அவள் கைக்கு வந்தது. சித்தாளின் கூலி இளையவளின் கைக்கு. மற்றப் பெண்களின் பெயர்களையும் அன்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டோம், நிபந்தனைப்படி. அவர்கள் கணவர்களைப் பார்த்தார்கள். கணவர்கள் வந்து இரண்டு கூலியையும் வாங்கிக்கொண்டார்கள். பெயர் கூப்பிட்டதும் தானே நடந்து வந்து கை நீட்டியவர்கள் அந்த இருவர்தான். அவர்களுக்கு வேறு கை இருக்கவில்லை.

அதன் பிறகு மதியங்களில் நான் அலமாரிக்குப் பின்னால் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாகை மரத்தடிக்குப் போவேன். நான் மறைப்புக்குப் போகும்போது மூத்தவள் பிக்காசை ஊன்றிக்கொண்டு வெளியே காவல் நிற்பாள். ஒரு நாள் என் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆபீசுல ஒங்களுக்கு ஜோடி யாரும்மா?"

"எனக்கு ஜோடி எங்கள் அலமாரிதான்" என்றேன்.

"அலமாரி சொமக்காதே" என்றாள் இளையவள், மிகவும் யோசித்து. நாங்கள் மூவரும் சிரித்தோம். பம்பாயில் அதற்கு முன் எப்போது அப்படிச் சிரித்தேன் என்று அன்று ரயிலில் எண்ணிப் பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து சில நாட்களில் இளையவளின் கணவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். குணமானதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கழுத்து எலும்பு தெரிய, ஒரு பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, மனைவிக்குப் பின்னால் மேட்டின் மேல் ஏறி வந்து மூச்சு வாங்கினான். மேஸ்திரி ஒரு கேள்வி கேட்கவில்லை. "வாடே, வா. வந்துட்டியா? ஒரு ஜோடி" என்று கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். குழியைக் குறித்துக் கொடுத்தார். அவனை ஒரு நாள் வெட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதிகாரியிடம் அதைச் சொன்னேன். அவர் வருத்தத்தோடு புன்னகை செய்தார். அவனுக்கு வேலை மறுக்கவும் நமக்கு நிபந்தனை இல்லையே என்றார்.

இளையவள் மூத்தவளின் முகத்தைப் பார்க்காமல் சட்டியை எடுத்துக்கொண்டு கணவனின் குழிக்குப் போனாள். அந்த ஒரு சட்டிதான் இரண்டு பெண்களுக்கும் இருந்தது. மூத்தவள் கான்ட்ராக்டரின் கிடங்கிலிருந்து இன்னொன்றைக் கேட்டு வாங்கிவந்தாள்.

"இப்ப என்ன செய்யப் போற? சொமக்க ஆளு?" என்றார் மேஸ்திரி. கேலியாகக் கேட்கவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எம்மா, வேலைக்கு ஜோடி வேணும்னு அந்தக் காயிதத்துல இல்லைதான?"

"இல்லை" என்றேன்.

"அப்ப எனக்குத் தனியாக் கோடு போடும் அண்ணாச்சி. வெட்டினதை அளந்து குடும்."

மறுநாள் காலையில் மேஸ்திரி கணக்குச் சொல்லும்போது, இத்தனை ஜோடி என்று சொல்லி நிறுத்தி, "ஒரு ஆளு" என்று சேர்த்துக்கொண்டார். நிபந்தனைகள் எல்லோரையும் எப்படி எண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தனவோ, அப்படி எண்ணப்பட்டவள் அந்த இடத்தில் அவள் ஒருத்திதான். அதிகாரி திருப்தியடைந்தார். நானும் அடைந்திருக்க வேண்டும்.

அவள் வெட்டுவாள், பிக்காசை வைத்துவிட்டுத் தானே வாரிப் போடுவாள், தானே சுமப்பாள். ஆனால் மண் நிறைந்த சட்டியை ஒருவர் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே ஒருவர் நின்று ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். குழி நடுவே இருக்கும் திட்டு இடுப்பளவு வந்ததும், சட்டியை முதலில் அதன் மேல் தூக்கி வைப்பாள். பிறகு குனிந்து, சும்மாட்டை அதன் விளிம்புக்குக் கொடுத்து, மெல்ல இழுத்துத் தலைக்கு மாற்றிக்கொண்டு நிமிர்வாள். அந்த மண்தான் அவளுக்குத் தூக்கிவிட்டது. இரண்டு குழிகள் தள்ளி, கோட்டுப் போட்ட மனிதன் பிக்காசை ஊன்றி இருமிக்கொண்டிருக்க, இளையவள் வெட்டவும் சுமக்கவுமாக இருந்தாள் என்பதையும் நான் பார்த்தேன். அவள் கூலி சித்தாள் கூலிதான்.

மாலையில் ஜோடிகளின் குழிகளையெல்லாம் அளந்துவிட்டு ஓவர்சியர் கடைசியில் அவளிடம் வருவார். அதுவரை அவள் திட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அளந்து முடிந்ததும் திட்டையும் வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். அந்தச் சட்டிகளைத் தூக்கிவிட அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. முதல் நாள் அவள் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்ததை, ரயிலுக்குப் புறப்பட்டிருந்த நான் பாதையிலிருந்து கண்டேன். கைப்பையைப் புல்லில் வைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

"வேண்டாம்மா. சேலை பாழாப் போவும்" என்றாள்.

"பிடி" என்றேன்.

ஒரு சட்டி மண் எவ்வளவு கனம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவே அது எழும்பும்போது, சட்டியின் விளிம்புக்கு மேல் அவள் முகம் வெகு அருகில் இருந்தது. அதற்குப் பின் பெரும்பாலான நாட்களில் நான் ஒரு வண்டி தாமதமாகத்தான் போனேன். மாமி ஏன் என்று கேட்டாள், வேலை என்றேன். அது பொய்யில்லை.

கோடை தொடங்குவதற்குள் மேடு கரைந்து பள்ளம் நிரம்பிவிட்டது. இனிச் செங்கல் வேலை. மண் வெட்ட ஆள் வேண்டாம். ஜோடிகள் வேறு வேறு இடங்களுக்குக் கலைந்தார்கள். கடைசிச் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு மூத்தவள் என் ஜன்னலுக்கு வந்தாள். தோளில் பிக்காசு.

"விக்ரோலில புதுசா ஒரு கம்பெனி கட்டுதாங்களாம். மண்ணு வேலை நெறைய இருக்காம்." பிக்காசைத் தோள் மாற்றிக்கொண்டு கேட்டாள். "அங்கயும் அந்தக் காயிதம் இருக்குமாம்மா?"

"கட்டுவது யார்? சர்க்காரா?"

"இல்ல. கம்பெனிக்காரன் சொந்தத்துல."

சர்க்கார் பணம் இருக்கும் இடத்தில்தான் அந்த நிபந்தனைகள் உண்டு என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனையோ வார்த்தைகளைத் தேடித் தேடி மொழிபெயர்த்த எனக்கு, "இருக்காது" என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்கு நேரம் பிடித்தது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்பச் சரி. ஜோடி தேடணும்" என்றாள். மேடு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஒங்க சேலையெல்லாம் மண்ணாப் போச்சு. நல்லா ஊற வச்சுத் தொவைங்க. இந்த மண்ணு லேசுல போவாது" என்று சொல்லிவிட்டு, நாங்கள் நிரப்பிய தரையின் குறுக்கே நடந்து சாலைக்குப் போனாள்.

திங்கட்கிழமை மதியம் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்த நான், வாகை மரம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் விக்ரோலியில் யாரோடு ஜோடி சேர்ந்தாள், வெட்டினாளா, சுமந்தாளா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சேலைகளில் ஒன்றின் கரையில் செம்மண் நிறம் கடைசிவரை போகவில்லை. அதை நான் கிழியும்வரை கட்டினேன்.